உண்ணி முள்ளில் உருவாகும் யானைகள்!

"உகே உகே மாதப்பா!" என்று கோஷமிட்டபடி மாதேஸ்வரன் மலைக்குப் போகும் தமிழர்கள் ஏராளம். சேலம், தர்மபுரி, ஈரோடு மாவட்டக்காரர்கள் மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாக வருகிறார்கள். பெங்களூரிலும் மைசூரிலும் பிழைக்க வந்தவர்கள் கொள்ளேகால், ஹனூர் வழியாகப் போகிறார்கள். மொட்டை போட்டு, சாமி கும்பிட்டு, பிரசாதத்தோடு அடுத்த பஸ்ஸில் திரும்பி விடுவார்கள். சிப்பாய் முதல் குமாஸ்தா வரை எல்லோருக்கும் லீவு ஒரு நாள்தானே!

அந்தப் பஸ் மலை ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே கண்ணில் படும் ஒரு செடியை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. சாலையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புதராக மண்டிக் கிடக்கும். மஞ்சள், ஆரஞ்சு, ரோஜா நிறங்களில் கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்கள். கறுப்பு மணி போன்ற பழம். தண்டெல்லாம் சிறு முள். நம் ஊர்ப் பக்கம் இதை உண்ணிச் செடி என்பார்கள். சிலர் உன்னி முள் என்பார்கள். தாவர நூலில் இதன் பெயர் லாண்டானா.

இந்த முள்செடியைக் கொண்டு நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்கிறார்கள் மலைவாசிகள். அந்த யானைகள் பெங்களூர் லால்பாகில் நின்றிருக்கின்றன. இதே மாதிரி நீலகிரியில் செய்த யானைகள் லண்டன், நியூயார்க் வரை போய் வந்திருக்கின்றன.

முள்ளில் யானை செய்வானேன்? அதில்தான் விஷயம் இருக்கிறது.

அழகுக்கு வந்த செடி

உண்ணிச் செடி நம் நாட்டுச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் இதைத் தோட்டத்து அழகுக்காகவும் வேலிக்காகவும் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் வைத்தார்கள். தோட்டத்தில் வைத்த செடி தோட்டத்தோடு நிற்கவில்லை. பறவைகள் பழத்தைத் தின்று போன இடமெல்லாம் விதையைப் போட்டன. இருநூறு ஆண்டுகளில் அது காட்டையே பிடித்துக் கொண்டது.

இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் சுமார் 40 சதவீதப் பரப்பை உண்ணி பிடித்திருப்பதாக 2020-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

இது மண்டிய இடத்தில் புல் முளைக்காது. மற்ற மரக்கன்றுகளுக்கு வெயில் கிடைக்காது. மாடு தின்றால் விஷம். கண்ணும் தோலும் பாதிக்கும், ஈரல் கெடும். மானும் யானையும் ஒதுங்கிப் போய்விடும். வெட்டிப் போட்டாலோ அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் தழைத்து வரும்.

மாதேஸ்வரன் மலைக் காடு 2013-ம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 906 சதுர கிலோ மீட்டர். ஒரு பக்கம் பிளிகிரி ரங்கன் மலை, இன்னொரு பக்கம் சத்தியமங்கலம், மற்றொரு பக்கம் காவிரி சரணாலயம். யானைகளுக்கு மாநில எல்லை கிடையாது. பாலாற்றுக்கு இந்தக் கரையில் கன்னட யானை, அந்தக் கரையில் தமிழ் யானை என்று பிரிக்க முடியுமா?

காட்டில் புல் குறைந்தால் யானை என்ன செய்யும்? கேழ்வரகு வயலுக்கு வரும். அறுவடைக் காலத்தில் பரண் கட்டி, தகரம் தட்டி, இரவெல்லாம் கண் விழிக்கும் குடியானவனைக் கேட்டால் தெரியும், யானையின் அருமையும் பெருமையும்! ஒரே இரவில் ஆறு மாத உழைப்பு போய்விடும். சில சமயம் உயிரும் போய்விடும்.

புலியோடும் இதே தகராறுதான். 2025 ஜூன் மாதம் இந்த மலையின் ஹூக்யம் வனப் பகுதியில் ஒரு தாய்ப் புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. செத்த பசுவின் உடலில் வைத்திருந்த விஷம் காரணம். புலியை வாகனமாகக் கொண்ட சாமியின் மலையிலேயே இப்படி நடந்தது.

மூங்கில் இடத்தில் முள்

இந்த மலையின் பூர்வ குடிகள் சோளகர்கள். கோவில் பூஜை முறைக்கு உரியவர்கள் பேடகம்பணர்கள். தேன், நெல்லிக்காய், மூங்கில் என்று காடு கொடுத்ததைக் கொண்டு காலம் தள்ளியவர்கள் இவர்களில் பலர். மூங்கிலில் கூடை, முறம், தட்டி முடைவது கைவந்த கலை. ஆனால் மூங்கில் கிடைப்பது வர வரக் குறைந்தது. வனச் சட்டங்களும் இறுகின. கையில் தொழில் இருந்தும் கைக்குச் சரக்கு இல்லை என்ற நிலைமை.

அப்போது பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு யோசனையோடு வந்தது. அசோகா அறக்கட்டளை என்று தொடங்கும் நீண்ட பெயரின் சுருக்கம்தான் ஏட்ரீ. 1996-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. "மூங்கில் இல்லையென்றால் என்ன, உண்ணி இருக்கிறதே! யாரும் கேட்க மாட்டார்கள், எவ்வளவு வெட்டினாலும் காட்டுக்கு நல்லதுதான்" என்பது அந்த யோசனை. 2004-ம் ஆண்டு வாக்கில் மாதேஸ்வரன் மலைப் பகுதியில் பயிற்சி தொடங்கியது.

செய்முறை இதுதான். விரல் பருமன் முதல் கைப்பருமன் வரை உள்ள தண்டுகளை வெட்டிக் கட்டாகக் கட்டி வருகிறார்கள். பெரிய கொப்பரையில் தண்ணீர் ஊற்றி, தண்டுகளைப் போட்டு, கீழே தீ மூட்டி வேக வைக்கிறார்கள். வெந்த தண்டு வளைந்து கொடுக்கும். சூடு ஆறுவதற்குள் கத்தியால் பட்டையையும் முள்ளையும் சீவி எடுக்கிறார்கள். பிறகு நாற்காலிக்கு வேண்டுமானால் நாற்காலிக்கு ஏற்ற மாதிரி, கூடைக்கு வேண்டுமானால் கூடைக்கு ஏற்ற மாதிரி வளைத்து ஆணி அடிக்கிறார்கள். காய்ந்தபின் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். இதைப் பூச்சி எளிதில் அரிக்காது என்பது ஒரு லாபம். பார்ப்பதற்குப் பிரம்பு போலவே இருக்கும்.

சோபா, நாற்காலி, புத்தக அலமாரி, பொம்மை என்று பலவும் செய்தார்கள். பெண்களும் வேலை செய்தார்கள். கூலி வேலைக்கு வெளியூர் போக வேண்டிய சிலருக்கு உள்ளூரிலேயே நாலு காசு கிடைத்தது.

யானை பிறக்கிறது

நாற்காலியிலிருந்து யானைக்குப் போனது அடுத்த கட்டம். இதில் முன்னோடி நம் கூடலூர். நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் இனங்களைச் சேர்ந்த சுமார் 200 கலைஞர்கள் சேர்ந்து 'தி ரியல் எலிஃபண்ட் கலெக்டிவ்' என்ற பெயரில் உண்ணி யானைகளைச் செய்தார்கள்.

அங்கே ஒரு விசேஷம் உண்டு. மனதுக்குத் தோன்றியபடி யானை செய்வதில்லை. கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலும் ஊரோரத்திலும் நிஜமாக நடமாடும் யானைகளைப் பார்த்து, அவற்றின் உருவத்தையே பிடிக்கிறார்கள். கூட்டத்தை நடத்தும் கிழ யானைக்கு ஒரு சாயல். தனியாகத் திரியும் கொம்பனுக்கு ஒரு சாயல். தாயின் காலடியில் நிற்கும் குட்டிக்கு ஒரு சாயல்.

முதலில் இரும்புக் கம்பியை வளைத்து, வெல்டிங் வைத்து, யானையின் கூட்டைக் கட்டுகிறார்கள். முதுகின் மேடு, தலையின் இரு புடைப்பு, வயிற்றின் தொய்வு எல்லாம் இந்தக் கூட்டிலேயே வந்தாக வேண்டும். அதன்மேல் வேக வைத்துச் சீவிய உண்ணித் தண்டுகளை நெருக்கி வரிசையாகப் பதிக்கிறார்கள். தும்பிக்கைக்கும் காது ஓரத்துக்கும் மெல்லிய மிலாறுகள். தண்டுகளுக்கு இடையே விழும் நிழலே தோல் சுருக்கம் போலத் தெரியும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், இப்போதுதான் காட்டிலிருந்து இறங்கி வந்த யானை என்றே தோன்றும்.

இதைச் செய்பவர்கள் சிற்பக் கல்லூரியில் படித்தவர்கள் அல்ல. ஆனால் யானையைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் தண்ணீருக்குப் போகும் பாதையில் அதன் கால் தடத்தைப் பார்த்து, எத்தனை நேரத்துக்கு முன் போனது என்று சொல்பவர்கள்.

இப்படி உருவான 100 யானைகளின் கூட்டம் 2021-ம் ஆண்டில் லண்டன் மாநகரின் கிரீன் பார்க், செயின்ட் ஜேம்ஸ் பார்க் பூங்காக்களில் நின்றது. 2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கி, செப்டம்பரில் நியூயார்க், டிசம்பரில் மியாமி கடற்கரை என்று கூட்டம் நகர்ந்தது. 2025-ம் ஆண்டிலும் அந்த நாட்டுப் பயணம் தொடர்ந்தது. யானைகள் விற்ற பணம் மனிதனும் விலங்கும் சேர்ந்து வாழும் வழிகளுக்குச் செலவிடப்படுகிறது.

மாதேஸ்வரன் மலைக் கலைஞர்களும் ஏட்ரீயின் துணையோடு யானை செய்யக் கற்றுக் கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் லால்பாகில் உண்ணி யானைகளின் கண்காட்சி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு லால்பாகுக்குப் போன நம்மவர் பலர், அவற்றின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொண்டிருப்பார்கள். அது மாதேஸ்வரன் மலைப் பாதையில் நாம் பார்த்த அதே முள்செடிதான் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

சுவிட்சு போட்டால் ஆடும் யானை

செயற்கை யானை என்றால் இன்னொரு வகையும் வந்திருக்கிறது. அது கரண்டில் ஓடுவது.

கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோவிலில் 2023 பிப்ரவரியில் இயந்திர யானை ஒன்றை நடையிருத்தினார்கள். பெயர் இரிஞ்சாடப்பிள்ளி ராமன். எடை 800 கிலோ. இரும்புக் கூடு, மேலே ரப்பர் தோல். உள்ளே மின்சார மோட்டார்கள். தலையும் காதும் கண்ணும் வாயும் வாலும் தானாக அசையும். தும்பிக்கையைப் பாகன் சுவிட்சு போட்டு ஆட்டுவான். முதுகில் ஆள் உட்காரலாம். செய்தவர்கள் சாலக்குடிக் கலைஞர்கள். செலவு சுமார் 5 லட்சம் ரூபாய். விலங்கு நல அமைப்பான பீட்டா இதைக் கோவிலுக்குக் கொடுத்தது. இனி உயிர் யானையை வாங்குவதில்லை, வாடகைக்கும் எடுப்பதில்லை என்று கோவில் உறுதி சொன்னது.

அதன்பிறகு மைசூருக்கும் ஒன்று வந்தது. சுத்தூர் மடம் என்று பெயர் பெற்ற ஜகத்குரு வீரசிம்மாசன மடத்துக்குக் கொடுக்கப்பட்ட அந்த இயந்திர யானைக்கு 'சிவா' என்று பெயர். மாதேஸ்வரர் கதை தெரிந்தவர்களுக்குச் சுத்தூர் மடம் புதிதல்ல. அவர் மலைக்கு வருமுன் அந்த மடத்தில் இருந்தார் என்று கதைப் பாடகர்கள் பாடுவார்கள்.

சங்கிலியில் கட்டி, செண்டை மேளத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே மணிக்கணக்கில் நிறுத்தப்படும் யானையைப் பார்த்தவர்களுக்கு, இந்த இயந்திர யானை எவ்வளவோ மேல் என்று தோன்றும். மதம் பிடிக்காது, பாகனை மிதிக்காது. சாமி ஊர்வலமும் நின்று போகாது. "உயிர் இல்லாத யானையில் சாமி ஏறலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். மரத்தில் செய்த யானை வாகனத்தில் நம் ஊர்க் கோவில்களில் சாமி எத்தனை காலமாகப் புறப்பாடு போகிறது!

கேமரா காவல்

இயந்திரம் யானையாக வேஷம் போடுவது மட்டுமல்ல, யானைக்குக் காவலும் இருக்கிறது. ரயில்வேயில் இருப்பவர்களுக்கு மதுக்கரை என்றாலே நினைவுக்கு வருவது யானைதான். கோவையிலிருந்து வாளையாறு வழியாகக் கேரளம் போகும் இருப்புப் பாதை காட்டை ஒட்டிப் போகிறது. 2021 நவம்பர் 26-ம் தேதி இரவு, அங்கே மங்களூர் - சென்னை எக்ஸ்பிரஸில் அடிபட்டு மூன்று யானைகள் மாண்டன. எஞ்சினில் இருப்பவர் வேண்டுமென்றா இடிப்பார்? இருட்டில் யானை தெரியும்போது பிரேக் போட்டும் பயன் இராது.

2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை அங்கே 12 கோபுரங்களில் கேமராக்களை வைத்தது. சாதாரணக் கேமராவோடு, உடல் சூட்டை வைத்து இருட்டிலும் உருவம் காட்டும் கேமராவும் உண்டு. பாதை அருகே யானை வந்தால் செயற்கை அறிவு கொண்ட கம்ப்யூட்டர் அதை யானை என்று அடையாளம் கண்டு, வனத்துறைக்கும் ரயில்வேக்கும் உடனே தகவல் கொடுக்கிறது. வண்டியின் வேகம் குறைக்கப்படுகிறது.

யானையை எண்ணுவதற்கும் புது முறை வந்துவிட்டது. காட்டில் கிடக்கும் சாணத்தை எடுத்து, அதிலுள்ள மரபணுவைக் கொண்டு ஒவ்வொரு யானையையும் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள். 2025 அக்டோபரில் வெளியான அந்தக் கணக்குப்படி இந்தியாவில் உள்ள காட்டு யானைகள் 22,446. கர்நாடகம் 6,013 யானைகளோடு முதலிடம். தமிழகத்தில் 3,136.

எது நிற்கும்?

இப்போது மறுபடியும் மாதேஸ்வரன் மலைக்கு வருவோம்.

மோட்டார் யானை, சங்கிலியில் இருக்கும் யானைக்கு விடுதலை தருகிறது. கேமரா, தண்டவாளத்தில் சாகும் யானையைக் காப்பாற்றுகிறது. இரண்டும் நல்லதே. ஆனால் இரண்டும் காட்டில் ஒரு பிடி புல்லை முளைக்க வைப்பதில்லை. பசித்த யானை எத்தனை கேமரா இருந்தாலும் வயலுக்கு வரத்தான் செய்யும். உண்ணி யானையைச் செய்வதற்கோ முதலில் காட்டிலிருந்து உண்ணியை வெட்டி எடுத்தாக வேண்டும். வெட்டுகிற கைக்குக் கூலியும் கிடைக்கிறது. காட்டைக் கெடுத்த செடியே காட்டு யானைக்காகப் பேச வந்திருக்கிறது. இதுதான் இந்தக் கலையின் பெருமை.

அதே சமயம் உண்மையையும் மறைக்கக் கூடாது. நூறு யானை செய்தாலும், ஆயிரம் நாற்காலி செய்தாலும், மலையிலுள்ள உண்ணியில் அது ஒரு மூலைக்குக் காணாது. வெட்டிய இடத்தில் மறுபடியும் தழைக்கிறது. வேர்த் தலையோடு பெயர்த்து எடுத்து, அந்த இடத்தில் நாட்டுப் புல்லையும் மரத்தையும் வளர்த்து, சில ஆண்டுகள் கண்காணித்தால்தான் காடு திரும்பும். அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. தமிழக அரசு 2022-ம் ஆண்டில் அந்நியச் செடிகளை ஒழிப்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே காடு என்பதால், வேலையும் சேர்ந்து நடக்க வேண்டும்.

சோளகர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். முன்பெல்லாம் கோடைத் தொடக்கத்தில் காய்ந்த சருகுக்கு மெல்லிய தீ வைப்பார்களாம். கன்னடத்தில் அதைச் சருகுத் தீ என்று பொருள்படும் 'தரகு பெங்கி' என்பார்கள். அந்தத் தீயில் உண்ணிக் கன்றுகள் கருகும். புல் புதிதாகத் தளிர்க்கும். பக்கத்துப் பிளிகிரி ரங்கன் மலை 1974-ம் ஆண்டில் சரணாலயமானது. பிறகு தீ வைக்கத் தடை வந்தது. உண்ணி கட்டுக்கடங்காமல் பெருகியது என்பது அங்குள்ள சோளகர்களின் அபிப்பிராயம். இப்போது மண்டிக் கிடக்கும் புதருக்குத் தீ வைத்தால் காடே எரிந்துவிடும் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். அதே பிளிகிரி ரங்கன் மலைச் சோளகர்களுக்கு 2011-ம் ஆண்டில் காட்டின் மீது சமூக உரிமை அளிக்கப்பட்டது. காட்டைப் பற்றி முடிவு செய்யும்போது அவர்கள் பேச்சுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதை அரசே ஒப்புக் கொண்டதாகத்தான் இதற்கு அர்த்தம்.

உண்ணி யானைக்கு உயிர் இல்லை. வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகள் நிற்கும். பிறகு மக்கிப் போகும். கலைஞர்களுக்கு அதில் வருத்தம் இருக்கக் காரணம் இல்லை. அதைப் பார்த்துப் போனவர்கள் காட்டில் உள்ள நிஜ யானையைக் கொஞ்சம் பொறுத்துக் கொண்டால் போதும்.

அடுத்த முறை மாதப்பனைக் கும்பிடப் போகிறவர்கள், பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது ஜன்னலோரத்துப் பூக்களைக் கவனியுங்கள். குழந்தைகள் பறிக்கக் கேட்டால், அது வந்த கதையையும் யானையான கதையையும் சொல்லுங்கள். மலையில் உண்ணித் தண்டில் செய்த கூடையோ பொம்மையோ விற்பனைக்கு இருந்தால், பிளாஸ்டிக் சாமானுக்குப் பதிலாக அதை ஒன்று வாங்கி வாருங்கள். வீட்டில் ஒரு கூடை சேரும். காட்டில் ஒரு முள் குறையும்.